சீமாறு செஞ்ச வேலைங்க மாப்ளே

வாங்க மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காருங்க. உங்க பொடக்காளியப் பாத்துப்போட்டுத்தான் வாரேன். கண்ணு கூசுதுங்க! ஒரு சருகு இல்ல, ஒரு புல்லு இல்ல. எங்க புள்ளையக் குடுத்த எடம் சுத்தமான எடம்னு ஊரே பேசுது.

வேப்பஞ்சருகையெல்லாம் கூட்டித் தீ வெக்கறீங்க. அடுத்த வாரமே டவுனுக்குப் போயி, இலைமட்குன்னு பளபளன்னு எழுதுன மூட்டையக் காசு குடுத்துத் தூக்கியாரீங்க. உங்களாட்டப் பத்துப் பேரு இருந்தாப் போதும், அந்த மூட்டைக்காரன் புள்ளைகளக் காலேசுல சேத்தீருவான். பெரிய புண்ணியமுங்க.

கடக்கால் தோண்டுனப்ப நானும் அக்கட்டால நின்னேன். மேல இருந்த ஒரு அடி நல்ல மண்ணு வீட்டுக்கடியில போயிருச்சு. அடியில கெடந்த சுக்கான்கல்லு மண்ண வெளிய பரப்பிப்போட்டாங்க. சந்தேகமிருந்தா ஒரு கட்டி எடுத்து எலுமிச்சம்பழம் புழியுங்க, பொசுபொசுன்னு நொரைக்கும். அத்தனையும் சுண்ணாம்பு. நீங்க அதும்மேல சருகு எரிச்ச சாம்பலையும் தூவறீங்க. உங்க கருவேப்பிலைக் கொழுந்து மஞ்சப்பூத்து, நரம்பு மட்டும் பச்சையா நிக்குதே, எதனாலன்னு நெனச்சீங்க? மண்ணுல இரும்புச்சத்து இருந்தும் சுண்ணாம்பு அத எடுக்க உடாதுங்க.

மண்ணுப் பரிசோதனைக் காகிதத்தக் காமிச்சீங்க. அங்ககக் கரிமம் 0.5 சதத்துக்குக் கீழ, கொறைவுன்னு போட்டிருக்குது. செரிதான், மக்க வேண்டிய சருக எரிச்சுப்போட்டா அது எங்கிருந்து சேரும்? அந்தக் காகிதத்தையும் கூட்டித் தீ வெச்சராதீங்க.

காங்கேயம் பக்கம் எங்க கொரங்காட்டப் பாத்திருப்பீங்க. சுத்திக் கிளுவை வேலி, உள்ள வெள்வேல மரம், கீழ கொழுக்கட்டைப்புல்லு. எந்தக் காலத்துல யாரு அதுக்கு மூட்டை உரம் வாங்குனாங்க? மாடும் ஆடும் மேஞ்சு, அங்கயே சாணியும் புழுக்கையும் போட்டு, உதுந்த இலை உதுந்த எடத்துலயே மக்குது. அங்க கூட்டறதுக்கு ஆளில்ல பாருங்க, அதான் பொழச்சுக் கெடக்குது.

இனிமே சருக என்ன பண்றதுன்னா, வேலியோரமா மூணடிக்கு மூணடி ஒரு குழி வெட்டுங்க. ஆளு வெக்காதீங்க, மம்மட்டி உங்க கைய ஒண்ணும் கடிக்காது. காஞ்ச சருகு மூணு கூடை போட்டா, பச்சைத் தழையும் காய்கறிக் கழிவும் ஒரு கூடை. அதும்மேல சாணித்தண்ணி. பச்சையே போட்டீங்கன்னா நாத்தத்துல பக்கத்து ஊட்டுக்காரரு சண்டைக்கு வருவாரு. சருகே போட்டீங்கன்னா உங்க பேரன் காலத்துலதான் மக்கும். ஈரம் எம்புட்டுன்னு செல்லுல தேடாதீங்க. ஒரு கை அள்ளிப் புழிஞ்சா வெரலிடுக்குல சொட்டு எட்டிப் பாக்கோணும், ஒழுகக்கூடாது. நாலஞ்சு நாள் கழிச்சு நடுவுல கடப்பாரையச் சொருகி, கொஞ்ச நேரம் உட்டு உருவித் தொட்டுப் பாருங்க. சுட்டுதுன்னா உள்ள வேலை நடக்குது. சில்லுன்னு இருந்தா நீங்க எதையோ சுத்தம் பண்ணிப்போட்டீங்கன்னு அர்த்தம். கெளறி உட்டு, காஞ்சிருந்தாத் தண்ணி தெளிச்சு மறுக்காப் பாருங்க.

காலியாக் கெடக்கற எடத்துல மழைக்குச் சணப்பு வெதைங்க. 45 நாள்ல பூவெடுக்கற சமயம் மடக்கி மண்ணுல அமுக்கீரோணும். ஆனா மஞ்சப்பூவப் பாத்ததும் எங்க புள்ள வெட்ட உடமாட்டா, போட்டோப் புடிக்கோணும்பா. ரெண்டு வாரம் கழிச்சு நாரேறி முத்திப்போச்சுன்னா அதுல கவுறு திரிங்க. மண்ணுல போட்டாச் சீக்கிரம் மக்காது.

அப்பறம் அந்தப் பஞ்சகவ்யம். நம்ம கொடுமுடி டாக்டர் நடராஜன் ஊரூரா எடுத்துட்டுப் போனதுதான், நானும் தெளிக்கறேன். பத்து லிட்டர் தண்ணிக்கு 300 மில்லிதானுங்க கணக்கு. நீங்க கேனோட கவுத்துனீங்களாமா! பாலும் தயிரும் நெய்யும் சேர்ற சமாச்சாரம், உட்டா நீங்களே ஒரு டம்ளரு குடிச்சிருப்பீங்க.

இன்னொண்ணு. எருவக் கெளறறப்ப கட்டவெரல் தண்டிக்கு, வெள்ளையா, காவிநெறத் தலையோட சுருண்டு கெடக்கும் ஒண்ணு. "எங்க ஊட்டு மண்புழு"ன்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் படம் அனுப்பீராதீங்க. அது காண்டாமிருக வண்டோட புழு. உங்க வாசல் தென்னையில குருத்தோலை முக்கோண முக்கோணமா வெட்டுப்பட்டு விரியுதுல்ல, அது இதோட அப்பனாத்தா பாத்த வேலை. பொறுக்கிக் கோழிக்குப் போடுங்க. கோழி அசிங்கம் பண்ணும்னு நீங்க வளக்கறதில்லையாமா. செரி, நம்மூட்டுக் கோழி நாலு அனுப்பறேன், ஒரு மாசம் வெச்சுக்குங்க. முட்டை மட்டும் எண்ணிக் குடுத்தனுப்பீருங்க மாப்ளே, உங்க அத்தை கணக்குல கெட்டிக்காரி.