கோலாலம்பூரில் பத்திரமாக ஏமாறுவது எப்படி?

சேலத்தில் வாடகைக்கு வீடு பார்த்தால் மேட்டூர் தண்ணி எத்தனை நாளைக்கொருமுறை வருகிறது என்பதுவரை விசாரிப்போம். கோலாலம்பூரில் அறை எடுக்க அந்தத் தொந்தரவு வேண்டாம். படத்தில் நீச்சல்குளம் நீலமாக இருக்கிறதா, வாடகை குறைவா, போதும். ராத்திரி அந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்குமா, ரயில் பக்கமா என்றெல்லாம் பார்க்கிற பயந்தாங்கொள்ளிகள் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்குவார்கள். விமான நிலைய ரயில் வந்து நிற்கும் கேஎல் சென்ட்ரல் அங்கேதான், இட்லியும் கிடைக்கும். அதில் என்ன சுவாரஸ்யம்? சௌகிட்டில் சந்து பொந்தாகத் தேடினால் மலிவாக அமையும்.

வெளியே கிளம்பும்போது கைப்பையை ரோட்டுப் பக்கத் தோளில் மாட்டுங்கள். பைக்கில் வந்து பறிப்பவர் சிரமப்படக் கூடாது. வண்டி வரும் திசைக்கு முதுகைக் காட்டி, ஊருக்கு வீடியோ கால் பேசிக்கொண்டே நடப்பது உத்தமம். சங்கிலி வெளியே தெரியட்டும், சம்பந்தி வீட்டார் பார்ப்பார்களே! கிராப் டாக்சிச் செயலியில் கட்டணம் முன்னாடியே தெரிந்துவிடும், ஆகவே தவிர்க்கவும்.

பத்துமலையில் 2006-இல் திறந்த முருகன் சிலை 140 அடி. நம் வாழப்பாடிப் பக்கம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-இல் குடமுழுக்கு கண்டவர் 146 அடி. “எங்கூர்ல ஆறடி ஒசரமுங்க” என்று பக்கத்தில் நிற்பவரிடம் நீங்கள் மார்தட்டும் நேரத்தில் குரங்கு உங்கள் பையைப் பிரித்துவிடும்.

அடுத்து, தமிழ்க் குரல். “ஏனுங்ணா, நாமக்கல்லுங்களா? எங்கம்மாவுக்கு பரமத்திங்க!” தெரியாத ஆளுக்கு ஸ்டெப்னிகூடக் கடன் தராத லாரிக்காரர், இதைக் கேட்டதும் பாஸ்போர்ட்டையே எடுத்து நீட்டுவார்.

இந்த இடத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் சுற்றிப்பார்க்க மலேசியா அனுமதித்திருக்கிறது. இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையும் இலவசம். இலவசத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு, “டூரிஸ்ட்டா போயிருங்க, அங்க வேலைக்கு மாத்திக்கலாம்” என்கிற ஏஜெண்டு உங்கள் ஊரிலேயே இருப்பார். ஆபத்து சௌகிட்டில் இல்லை, அவர் திண்ணையில்தான். சுற்றுலாவாக நுழைந்து வேலை பார்ப்பது அங்கே குற்றம். பிடிபட்டால் சிறை, பிறகு நாடுகடத்தல். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. மலேசியாவில் அவசர உதவிக்கு எண் 999.