அடுப்பின் சுமை குறைத்த அண்ணல்கள்

சமையலைச் சட்டென்று முடிப்பது நல்லதா, நின்று நிதானமாகச் செய்வது நல்லதா என்று மயிலாப்பூரிலும் அண்ணா நகரிலும் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு வாசலில் ஓர் அனல்மின் நிலையம் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் எண்ணூர் நெட்டுக்குப்பத்தைப் போல அங்கேயும் இந்த வழக்கு என்றைக்கோ தீர்ந்திருக்கும்.

கொசஸ்தலை ஆறு கடலில் விழுகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது நெட்டுக்குப்பம். ஆற்றுக்கு அந்தக் கரையில் வட சென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம். இந்தக் கரையில், 1970இல் ஓடத் தொடங்கி 2017 மார்ச் கடைசியில் ஓய்ந்த பழைய எண்ணூர் அனல்மின் நிலையம். கொஞ்சம் தள்ளி ஓர் உர ஆலை, இன்னும் தள்ளி மணலியின் பெட்ரோலிய ஆலைகள். ஓர் ஊரின் அடுப்படிக்கு இத்தனை பேர் ஒத்தாசைக்கு நிற்பதை வேறெங்கே பார்க்க முடியும்? கல்யாண வீட்டில்கூட இவ்வளவு கை உதவிக்கு வராது.

மற்ற ஊர்க்காரர்கள் வேகச் சமையலுக்காகப் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. குக்கரில் ஆவியை அடைத்து, தண்ணீரின் கொதிநிலையை 100 டிகிரியிலிருந்து 120 வரை ஏற்றி, பருப்பை நாலு விசிலில் மசித்தார்கள். 1983இல் இரண்டு நிமிட நூடுல்ஸ் வந்தது. 2011இல் ஜெயலலிதா அரசு வீட்டுக்கு வீடு மிக்ஸியும் கிரைண்டரும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்து, அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கொல்லைப்புறத்துக்கு அனுப்பியது. குறை சொல்ல ஒன்றுமில்லை; நல்ல முயற்சிகள்தான். ஆனால் பொருள் வீட்டுக்குள் வந்த பிறகுதான் இவற்றுக்கெல்லாம் வேலை. மீன் ஆற்றில் நீந்திக்கொண்டிருக்கும்போதே சமையலைத் தொடங்கிவிட்டால் என்ன என்று எந்தக் குக்கர் கம்பெனிக்கும் தோன்றவில்லை. அந்தத் தொலைநோக்கு மின்வாரியத்துக்குத்தான் இருந்தது.

அவர்களுடைய அருமை புரிய வேண்டுமானால் முந்தைய கொடுமையைச் சொல்லியாக வேண்டும்.

விடிகிற நேரத்தில் வலை கரைக்கு வரும். மடவை, கிழங்கான், இறால், களி நண்டு. விற்றது போக மிஞ்சியது வீட்டுக்கு. ஒருத்தி அரிவாள்மனையை மிதித்துக்கொண்டு உட்கார்ந்து செதில் சுரண்டி, செவுள் கிள்ளி, கல்லுப்பு போட்டு மண்சட்டியில் உரசி உரசிக் கழுவுவாள், தண்ணீர் தெளிகிற வரைக்கும். புளி ஏற்கெனவே ஊறிக்கொண்டிருக்கும். மிளகாயும் தனியாவும் வெயிலில் காய்ந்து, வறுபட்டு, மெஷினில் அரைபட்டு டப்பாவில் இருக்கும். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளியை வதக்கி, தூளைப் போட்டு, புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும்வரை காத்திருப்பாள். சும்மா காத்திருப்பாள்! அரை மணி நேரமானாலும் அவசரப்பட மாட்டாள். அதற்கு அப்புறம்தான் மீனைப் போடுவது. அதுவோ ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். ஆட்டுக்கறியை இறுக்கிப் பிடித்திருக்கிற சவ்வு மீனில் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் லேசான சூட்டிலேயே இளகிவிடும். ஆக ஒரே சட்டியில் குழம்புக்கு நிதானம், மீனுக்கு வேகம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். எது எதற்கு எவ்வளவு நேரம் என்பதை எவரிடமும் அனுமதி கேட்காமல் அவர்களே முடிவு செய்துகொண்டிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த அகம்பாவத்தை ஒரு நாகரிக அரசு எத்தனை நாள் பொறுக்கும்?

மீன் போட்ட பிறகு கரண்டி போடக் கூடாது, உடைந்துவிடும். சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுவார்கள். இறக்கி வைத்த பிறகும் மண்சட்டி தன் சூட்டிலேயே தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். இத்தனையும் செய்துவிட்டு அன்றைக்கே சாப்பிட்டு முடித்தார்களா என்றால் அதுவும் கிடையாது. நாளைக்கு இன்னும் நன்றாக இருக்கும் என்று ஒரு பங்கை மூடி வைப்பார்கள். காலையில் பழைய சோற்றுக்கு அது. ஒரு குழம்பு ருசி ஏறுவதற்காக ராத்திரி முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்குமானால் நாடு எப்படி ஐயா முன்னேறும்?

அனல்மின் நிலையத்தில் இப்படிப்பட்ட சோம்பேறித்தனத்துக்கு இடமில்லை. நிலக்கரியை எரித்தால் வருகிற வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். மிச்சம் புகைபோக்கி வழியாகவும், குளிர்விக்கிற தண்ணீர் வழியாகவும் வெளியேற வேண்டும். மற்றவர்கள் அதை வீண் என்று சொல்லியிருப்பார்கள். வட சென்னை நிலையமோ அதை வீணாக்காமல் வெந்நீராகக் கழிமுகத்துக்கு அளித்தது. 1990களின் நடுவில் 630 மெகாவாட்டோடு தொடங்கிய உபகாரம், பின்னால் 1,200 மெகாவாட் கூடி, 2024 மார்ச்சில் இன்னொரு 800 மெகாவாட் சேர்ந்து வளர்ந்திருக்கிறது. சூடான தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் குறையும். கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வளர்கிற இறால் குஞ்சுக்கு அது சரிப்படாது. சரிப்படாவிட்டால் என்ன, வளர்ந்த பிறகு சட்டிக்குத்தானே போகப்போகிறது? முன்கூட்டியே முடிந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். "இன்னாத்துக்குப்பா அடுப்பு, ஆத்துலயே வெந்துகினுதான வருது" என்று குப்பத்துக் கிழவி ஒருத்தி சொன்னால், அதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவளுடைய தலைமுறைக்கு நன்றி சொல்லத் தெரியாது.

வேகவைத்தால் மட்டும் போதுமா, தூள் போட வேண்டாமா? நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே சாம்பல்தான். அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். வழியில் ஆறு குறுக்கிடுகிறது. குழாய்களுக்கு வயசு அதிகம், மனசு பெரிசு. வருஷக்கணக்காகக் கசிந்து ஆற்றுக்கும் ஒரு பங்கு கொடுத்தன. எந்த மெஷினிலும் கிடைக்காத நைஸ் அரைப்பு. வீட்டுக் கரம் மசாலாவில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் என்று நாலைந்து சாமான் இருந்தால் அதிகம். இதில் ஆர்செனிக், காரீயம், பாதரசம், காட்மியம் என்று கடையில் கேட்டாலும் கிடைக்காத சரக்கெல்லாம் சேர்ந்திருக்கிறது. அதோடு படகு ஓடிய இடங்களில் அடி மேடிட்டு முழங்கால் தண்ணீரானது. வலை போடும் சிரமமும் குறைந்தது பாருங்கள்.

கப்பல்காரர்களும் வெறுங்கையோடு வரவில்லை. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒரு சிப்பி இனத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். இறால் பதுங்குகிற சேற்றின்மேல் அது ஜமுக்காளம் மாதிரிப் படர்ந்துவிட்டது. உள்ளூர் இறாலுக்கு இடமில்லை. இறால் இல்லாவிட்டால் தோல் உரித்து நரம்பு எடுக்கிற வேலையும் இல்லை. சமையலில் அதைப்போலப் பொறுமையைச் சோதிக்கிற வேலை வேறு உண்டா? அந்த வகையில் பெண்கள் இந்தச் சிப்பிக்குக் கடமைப்பட்டவர்கள்.

எண்ணெய்க்கு வருகிறேன். குழம்பில் எண்ணெய் மேலே மிதந்து வருவதற்காக அந்தப் பெண்கள் அடுப்பருகே நின்றார்களே, அதைக் கேள்விப்பட்டு மனம் பொறுக்காமல்தான் 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டிருக்க வேண்டும். கரை நெடுக எண்ணெய் ஒதுங்கியது. அதைப் பக்கெட்டில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து மறுபடியும் தாராளமாக வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்துக்குள் இறங்கி, படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்திச் செடிகளின் வேர் என்று ஒன்று விடாமல் பூசியது. அதே வருடம் ஆகஸ்டில்தான் நாம் நிலாவில் கலத்தை இறக்கியிருந்தோம். எண்ணூரிலோ மீனவர்கள் மக்கிலும் வாளியிலும் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். இதைத் தொழில்நுட்பப் பற்றாக்குறை என்று சில பத்திரிகைகள் எழுதின. தவறு. கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறது. அதை எந்த இயந்திரத்தாலும் தர முடியாது என்று அரசு நம்பியிருக்கிறது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், படகுக்கு 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தார்கள். இவ்வளவு எண்ணெயும் கொடுத்து, மேலே காசும் கொடுக்கிற மளிகைக்கடை ஏதாவது இருக்கிறதா?

தாளிப்பு ஒன்றுதான் பாக்கி. அந்த டிசம்பரிலேயே, 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி, பெரியகுப்பத்துக் கடலில் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவருகிற குழாய் கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். கடுகும் வெந்தயமும் வெடித்தால் அடுத்த வீட்டு மூக்குக்குத்தான் எட்டும். ஊரையே தெருவுக்கு இழுக்கிற தாளிப்புக்கு ஓர் ஆலை வேண்டும்.

இவ்வளவு ஒத்தாசைக்குப் பிறகு நெட்டுக்குப்பத்து அடுப்படியில் மிஞ்சுகிற நேரத்தை என்ன செய்வது? அதற்கும் வழி பிறந்தது. ஆற்றில் ஒன்றும் படாத நாட்களில் பெண்கள் இருட்டோடு கிளம்பிக் காசிமேட்டுக்குப் போகிறார்கள். ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் ஐஸ் போட்டு, தெருத்தெருவாக விற்றுவிட்டு வீடு திரும்புகிறபோது அரிவாள்மனை பக்கம் போக உடம்பில் தெம்பு இருப்பதில்லை. பாக்கெட் குழம்புத்தூளைப் பிரித்து, நாலு முட்டையை அவித்துப் போட்டால் முடிந்தது. மீன் பிடிக்கிற வீட்டில் முட்டைக் குழம்பு! வேகச் சமையலை ஆதரித்துப் பேசுகிறவர்கள் இதைவிடப் பெரிய வெற்றியைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். நகரத்தில் இது விருப்பம். இங்கே விருப்பம், வெறுப்பு என்று மனதைக் குழப்பிக்கொள்கிற தொல்லை இல்லை.

மின்சாரப் பங்கீட்டிலும் நியாயம் தவறவில்லை. அண்ணா நகர் மிக்ஸிக்கு மின்சாரம் போகிறது. இலேசான சமாச்சாரம், கம்பியிலேயே போய்விடும். சாம்பல், வெந்நீர் மாதிரிக் கனமானவற்றை எண்ணூருக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். எளியவர்களுக்குத்தான் எடை அதிகமான பங்கு.

வேகமே பிரதானம் என்று இருந்துவிட்டால் நிதானத்தின் பெருமையை யார் காப்பாற்றுவது என்று கவலைப்படுகிறவர்களும் கலங்க வேண்டாம். அந்தக் கலை அலுவலகங்களில் பத்திரமாக இருக்கிறது. சாம்பல் விவகாரம் எத்தனையோ ஆண்டுகள் சிறுதீயில் கிடந்தது. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மின்வாரியத்தின் பொறுப்பைச் சுட்டிக்காட்டி, ஆற்றைச் சீர்செய்ய உத்தரவிட்டது. அதற்காக யாரும் தீயைக் கூட்டிவிடவில்லை. குழு அமைத்தார்கள், மாதிரி எடுத்தார்கள், அறிக்கை தந்தார்கள். மீன் குழம்பைக் கிளறக் கூடாது என்கிற நெட்டுக்குப்பத்துச் சூத்திரத்தைக் கோப்புகளுக்குப் பொருத்திய முதல் அறிஞர்கள் இவர்கள்தான். ஒரு ராத்திரி ஊறினால் ருசி கூடும் என்று கிழவிகள் நினைத்திருந்தார்கள். வருஷக்கணக்கில் ஊறவைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கிற துணிவு அவர்களுக்கு இல்லை.

அதே ஆட்கள் தேவைப்பட்டால் குக்கரையும் தோற்கடிப்பார்கள் என்பதற்கு ஒரு சான்று. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருந்தது. பின்னால் மாநிலத்து அதிகாரிகள் காட்டிய வரைபடத்தில் அதைக் காணோம். அலை ஏறி இறங்குகிற ஆயிரக்கணக்கான ஏக்கர் தண்ணீர், காகிதத்தில், ஒரு விசில்கூட வராமல் வற்றிவிட்டது.

இவ்வளவு செய்தவர்களுக்கு ஊர் சார்பில் ஒரு விருந்து வைக்க வேண்டாமா என்பதுதான் என் ஆதங்கம். அடுத்த ஆய்வுக்கு மின்வாரியத்திலிருந்தும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்தும், ஆலைகளிலிருந்தும் பெரியவர்கள் வரும்போது தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு அப்படியே வண்டி ஏறிவிடக் கூடாது. முகத்துவாரத்தில் பிடித்த மடவையும் களி நண்டும் இருக்கும். பழைய முறைப்படி மண்சட்டியில், அவசரமில்லாமல் வைத்துத் தரப் பெண்கள் தயார். முதல் பந்தி அவர்களுக்குத்தான். மறுநாள் ருசி கூடும் என்பதால் வீட்டுக்கும் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பலாம். தேதியை மட்டும் முன்னாலேயே சொல்லிவிட்டால் நல்லது. பார்த்து, அன்றைக்கு அமாவாசையாகவோ கிருத்திகையாகவோ அமைந்துவிடாமல் இருக்க வேண்டும்.