குதிரைத் தோல் போர்த்திய குடும்பஸ்தன்

அவலூர்பேட்டையில் ஸ்வெட்டர் போடுகிறவனையே ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறைகள் ராத்திரி முழுக்கக் கக்குகிற செஞ்சிச் சீமை இது. இங்கே இருந்துகொண்டு நான் வாங்கியது, அமெரிக்க விமானிகள் இரண்டாம் உலகப்போரில் போட்ட தோல் ஜாக்கெட். அசல்கூட இல்லை, நகல். ஜப்பானில் தைத்தது, சிங்கப்பூர் மச்சான் வழியாக வந்தது. விலையை எழுதமாட்டேன், இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வருகிறது.

எல்லாம் 1963-இல் வந்த ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தால் வந்த வினை. ஸ்டீவ் மெக்வீன் அந்த ஜாக்கெட்டில் ஜெர்மன் சிறைமுகாமையே மாமியார் வீடாக்கிக்கொண்டு நடப்பார். அழகு நடையில் இருந்தது என்பது பணம் கட்டிய பிறகுதான் புரிந்தது.

ஏ-2 என்று பெயர். 1931-இல் அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு ஏற்றுக்கொண்டது. பெரும்பாலும் குதிரைத் தோல், சிலது ஆட்டுத் தோல். 1943-இல் ‘துணியே போதும்’ என்று ராணுவம் கைகழுவிவிட்டது. அது கழுவிவிட்டதை ஜப்பான்காரர்கள் பிற்பாடு பிடித்துக்கொண்டார்கள். காலர் வளைவு, ஜிப், இடுப்பில் கம்பளிப் பின்னல், கழுத்துச் சீட்டில் இருக்கும் ஒப்பந்த எண் வரை அப்படியே. அன்று ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் காலரை ஒவ்வொரு விதமாக வெட்டினாராம். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான் செலவழித்த ராத்திரிகளில் மோட்டார் கொட்டகைக்கு ஓடு மாற்றியிருக்கலாம். இது நானாகச் சொல்வதல்ல, வீட்டில் சொன்னது.

முன்னால் மூடி வைத்த இரண்டு பாக்கெட். குளிருக்குக் கை நுழைக்கப் பக்கவாட்டில் வழி கிடையாது. பாக்கெட்டில் கைவிட்டு நிற்பது சிப்பாய்க்கு லட்சணமில்லை என்பது அந்தக் கால ராணுவ எண்ணம். நகல் துல்லியம் என்பதால் அசௌகரியமும் துல்லியமாக வந்துவிட்டது. கூடுதல் காசே அதற்குத்தான்.

தோலுக்காக ஜப்பான் வரை போயிருக்கவே வேண்டாம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் பக்கத்துத் தோலை ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று வெள்ளைக்காரன் பேர் சொல்லி வாங்கினான். தோல் பதனிடும் ராணிப்பேட்டையும் வாணியம்பாடியும் ஆம்பூரும் இங்கிருந்து பஸ் தூரம். ஆம்பூருக்கு நானே போயிருக்கிறேன். பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஐப்பசி அடைமழையில் பீரோவுக்குள் ஜாக்கெட் பூசணம் பூத்தது. “ஏங்க, உங்க விமானத்துல தயிர் உறை ஊத்தியிருக்கு” என்றாள் மனைவி. வேப்பெண்ணெய் தடவச் சொன்னதும் அவள்தான். பூசணம் போயிற்று, வாசனை போகவில்லை.

மார்கழி வந்தது. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா குதிரைமேல் ஏறினான். நான் குதிரையை என்மேல் ஏற்றிக்கொண்டு, காய்கறி வாங்க மனைவியோடு வாரச்சந்தைக்குப் போனேன். மாடுகள் கட்டியிருந்த பக்கம் ஒரு தரகர் வழிமறித்தார். சொல்லாமல் கொள்ளாமல் கைமடிப்பைப் பிடித்துக் கசக்கினார்.

“இன்னா சார், எருமையா?”

“குதிரை.”

“எத்தினி பல்லு?”

யாரும் எழுதிவைக்காத தகவல். விழித்தேன். அவர் துண்டை உதறி என் கையை மூடினார், உள்ளே இரண்டு விரலைப் பிடித்தார். இரண்டாயிரம். வீட்டில் நான் சொல்லிவைத்த பொய் விலையே மூவாயிரத்து ஐந்நூறு.

“எவ்ளோ கேக்கறாரு?” என்றாள் மனைவி.

“வாங்கின விலையே வரும்போலிருக்கு” என்றேன்.

“அப்ப கழட்டிக் குடுத்துட்டு வாங்க. கத்திரிக்கா தீர்ந்துடும்.”