அல்ஜீப்ராவுக்கு ஆடிட் நடத்துபவர்

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. அன்றிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் காரும் கண்ணாடியும் டயரும் செல்போனும் லாரியும் செய்து உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. எந்தக் கம்பெனியின் ஏற்றுமதிக் கணக்கிலும் சேராத ஒரு சரக்கையும் கூடவே செய்துவிட்டது: குவாலிட்டி அப்பா. இவர் வீட்டு வாசலில் செருப்பு விடும் இடத்துக்கு மஞ்சள் டேப்பால் எல்லை போட்டிருப்பார். சாம்பாரில் உப்பு கூடினால் மனைவியிடம் அடுத்தடுத்து ஐந்து முறை 'ஏன்' கேட்பார். ஐந்தாவது 'ஏன்'னுக்குக் கிடைக்கும் பதிலை எந்த ரெக்கார்டிலும் ஏற்ற முடியாது. பொதுவாக யாருக்கும் தொந்தரவில்லாத மனிதர். ஆனால் இவர்களில் சிலருக்கு 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 வரை திறக்காமலே கிடந்த காலத்தில், பிள்ளையின் ஆன்லைன் வகுப்பை முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. 'இந்த ப்ராசஸ் கன்ட்ரோலில் இல்லை' என்று அன்றே தீர்ப்பு எழுதி, பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கத் தொடங்கியவர்கள் அவர்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் அம்மாவின் மேற்பார்வையில் சத்தமில்லாமல் நடந்து முடிந்தன. இப்போது மகளுக்குப் பதினோரு வயது. எண் இருந்த இடத்தில் எழுத்து வந்து உட்காரப்போகிறது. 'இது கிரிட்டிக்கல் ஸ்டேஜ், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அப்பா களத்தில் இறங்கிவிட்டார்.

இறங்கியவர் முதலில் திறந்தது எக்செல் ஷீட்டை. புதிய சப்ளையரை கம்பெனிக்குள் சேர்ப்பதற்கு என்ன நடைமுறையோ அதேதான் இங்கும்: ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பத்தி, பத்திக்குப் பத்தி வெயிட்டேஜ். அமெரிக்காவின் சாக்சன் புத்தகத்துக்கு ஒழுங்கில் முழு மதிப்பெண், ஏனென்றால் அதை எழுதிய ஜான் சாக்சன் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி. 2011இல் வந்த 'ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங்' ப்ரீ-அல்ஜீப்ரா தலையணை கனம், அதனால் ஆழத்தில் முழு மதிப்பெண். அதன் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் பெயர் ரவி போப்பனா என்பதால் தேசபக்தியில் தனியாக ஒன்று. சிங்கப்பூர் புத்தகத்துக்கு, 1995இன் டிம்ஸ் சர்வதேசத் தேர்வில் அந்த நாடு கணக்கில் முதலிடம் பிடித்ததற்காகப் போனஸ். என்சிஇஆர்டியின் 'கணித பிரகாஷ்' 2024இல்தான் ஆறாம் வகுப்புக்கு வந்தது என்பதால் 'ஃபீல்டில் இன்னும் ப்ரூவ் ஆகவில்லை' என்று குறிப்பு. தமிழ்நாடு அரசின் ஆறாம் வகுப்புப் புத்தகம் கடைசி வரிசையில் இருக்கிறது. அதன் குறை ஒன்றுதான்: இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விலை இல்லாத பொருளுக்குத் தரம் இருக்க முடியும் என்று எந்தப் பர்ச்சேஸ் மேனேஜர் நம்புவார்? இப்படி ஷீட் வளர்ந்துகொண்டே போகிறது. மகள் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

இவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் இவர் செய்யும் தவறு ரொம்ப நாணயமான தவறு என்பதால் அதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும். ப்ரீ-அல்ஜீப்ரா என்பது அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு தனிப் பாடத்தின் பெயர். நம் பாடத்திட்டங்களில் அப்படித் தனிப் புத்தகமே கிடையாது. அதே சரக்கு ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் பிரித்துப் பரிமாறப்படுகிறது. குறை எண்கள், பின்னங்கள், விகிதம், சதவீதம், எண்ணுக்குப் பதில் எழுத்து, ஒரு எளிய சமன்பாடு: எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் உள்ளே இவைதான். மாறுவது வரிசை மட்டும். அரசுப் புத்தகம் ஆறாம் வகுப்பு முதல் பருவத்திலேயே இயற்கணிதத்தை அறிமுகப்படுத்துகிறது. புதிய என்சிஇஆர்டி அதை ஏழாம் வகுப்பில்தான் எடுக்கிறது. இந்த ஓர் ஆண்டு வித்தியாசத்தை வைத்து நம்மவர் மனைவியுடன் இரண்டு மீட்டிங் நடத்தியிருப்பார். எழுத்தைப் போட்டுக் கணக்கு எழுதுவது வெளிநாட்டுச் சரக்காக இருக்கலாம். தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றிலிருந்து விதி போட்டுப் பிடிப்பது அப்படியல்ல. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண, காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகு என்று கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூல் பாட்டாகவே சொல்லிவைத்திருக்கிறது. பலாப்பழம் அதற்குக் கட்டுப்படுகிறதா என்பது வேறு விஷயம். முள்ளின் இடத்தில் ஓர் எழுத்தை வைத்தால் அது ஏழாம் வகுப்பு இயற்கணிதக் கோவை.

'எல்லாப் புத்தகமும் ஒன்று என்றால் எப்படி?' என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. எல்லாம் ஒன்றல்ல. சாக்சன் புதிய பாடத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, பழைய பாடத்தைத் தினமும் கலந்து பயிற்சி கொடுப்பார். அந்தத் தலையணைப் புத்தகம் கேள்வியை முதலில் வீசிவிட்டு விளக்கத்தைப் பிறகு சொல்லும். நிதானமான பிள்ளைக்கு ஒன்று பொருந்தும், துருதுரு பிள்ளைக்கு மற்றது பொருந்தும். ஆனால் தன் பிள்ளை இதில் எந்த வகை என்பது எந்த ஷீட்டின் எந்தப் பத்தியில் வரும்? 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஒரு குட்டிக் கேள்வி இருக்கிறது. இடப்பக்கம் 8 + 4, நடுவில் சமக்குறி, வலப்பக்கம் ஒரு காலிக் கட்டமும் + 5உம். கட்டத்தில் என்ன எண் வரும்? ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் கேட்டார்கள். அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றார்கள்; 7 என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. 12 சொன்ன பிள்ளைக்குச் சமக்குறி என்பது 'விடையைப் போடு' என்ற உத்தரவு. 17 சொன்ன பிள்ளைக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டச் சொல்லும் உத்தரவு. இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்ற செய்தி இருவருக்கும் போய்ச்சேரவில்லை. இந்த நிலையில் 2x + 3 = x + 9 என்பதை எந்த நாட்டுப் புத்தகத்தில், எத்தனை வண்ணத்தில் அச்சடித்துக் கொடுத்தாலும் அது வெறும் கோலம்தான். 3 + 4 = 7 + 5 = 12 என்று பிள்ளையின் நோட்டில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்தால் நோய் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் நம்மவர் நோட்டைப் பார்ப்பதில்லை. ஷிப்ட் முழுக்க 'ஜெம்பாவுக்கு, அதாவது வேலை நடக்கும் இடத்துக்குப் போ, மீட்டிங் ரூமில் உட்கார்ந்து பேசாதே' என்று அடுத்தவருக்குச் சொல்கிறவர் இவர். டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ மேலாளர்களைச் சாக்பீஸ் வட்டத்துக்குள் நிறுத்தி மணிக்கணக்கில் லைனைப் பார்க்கவைத்த கதையைப் புதிதாக வந்த டிரெயினிகளுக்குக் கண் கலங்கச் சொல்கிறவரும் இவரே. சொந்த வீட்டின் ஜெம்பா ஐந்து ரூபாய்ப் பென்சிலும் நாற்பது பக்க நோட்டுமாக மொட்டை மாடிப் படிக்கட்டில் கிடக்கிறது.

அவருடைய பலமான வாதம் இன்னும் பாக்கி இருக்கிறது. 'பள்ளிக்கூடத்தில் புத்தகம் சுமாராக இருந்தால் டீச்சர் ஈடுகட்டுவார். எங்கள் வீட்டில் டீச்சர் இல்லை. ஆகவே புத்தகமே டீச்சராக இருக்க வேண்டும். ஆகவே உலகத்திலேயே சிறந்த புத்தகம் வேண்டும்.' இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட புத்தகம் இதற்கு எதிர்ச்சாட்சி சொல்கிறது. ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொல்லி அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களையும் சீன ஆசிரியர்களையும் அவர் கேட்டார். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிப்பேருக்கும் குறைவானவர்களே மூன்றரை என்ற விடைக்கு வந்தார்கள். சீன ஆசிரியர்கள் 72 பேரும் வந்தார்கள். படித்த வருடங்களை எண்ணினால் சீன ஆசிரியர்கள்தான் குறைவாகப் படித்தவர்கள். அவர்கள் செய்தது, கையில் கொடுத்த பாடப்புத்தகத்தை வரிக்கு வரி படித்து, இந்த உதாரணம் ஏன் இங்கே, இந்த எண் ஏன் இதற்கு என்று சக ஆசிரியர்களோடு பேசியது. அதாவது டீச்சர் என்பது பட்டமோ பயிற்சியோ மட்டுமல்ல. புத்தகத்தைப் பிள்ளைக்கு முன்னால் படித்துவைத்த ஒரு பெரியவர். ஓ.டி. மணியை ரேட்டால் பெருக்கிச் சம்பளச் சீட்டில் தப்புக் கண்டுபிடிக்கத் தெரிந்த அப்பாவுக்கு அந்தத் தகுதி உண்டு. புத்தகமே இல்லாமலும் ஆரம்பிக்கலாம். சென்னையில் ராமானுஜன் பெயரில் அருங்காட்சியகம் நிறுவிய கணித ஆசிரியர் பி.கே. ஸ்ரீனிவாசன் மாதக் காலண்டரை வைத்தே ஒரு புத்தகம் எழுதினார். மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரில் எந்த நான்கு தேதிகளைச் சதுரமாக எடுத்தாலும் எதிரெதிர் மூலைகளின் கூட்டுத்தொகை சமம். முதல் தேதி a என்றால் மற்றவை a + 1, a + 7, a + 8. ஏன் சமம் என்று பிள்ளையைச் சொல்லவைத்தால் அல்ஜீப்ரா தொடங்கியாயிற்று.

கடைசியில் அவர் ராமானுஜனை எடுப்பார். ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜருடையது, கணக்குக்காரர் ராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தவர் என்றாலும் இரண்டு பெருமையையும் ஒரே கணக்கில் வரவு வைப்பது இங்கே வழக்கம். 'ஒரே ஒரு புத்தகம் அவரை மேதை ஆக்கவில்லையா?' ஆக்கியது என்றே வைத்துக்கொள்வோம். 1903 வாக்கில் அவர் கைக்கு வந்த, கார் என்பவரின் கணிதத் தொகுப்பு, கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த ஒரு தனி டியூட்டர் எழுதியது. ஆயிரக்கணக்கான முடிவுகளின் பட்டியல். விளக்கம் கஞ்சத்தனமாகவே இருக்கும், அப்போதே பழையது. நம்மவரின் ஷீட்டில் அது முதல் சுற்றிலேயே ரிஜெக்ட்.

மகளுக்குப் பன்னிரண்டரை வயது நிறைந்தால் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம். அதற்குக் கேள்வி எடுக்கப்படுவது சிங்கப்பூர் புத்தகத்திலிருந்து அல்ல. ஷீட்டின் கடைசி வரிசையிலிருக்கும் அந்த இலவசப் புத்தகத்தின் எட்டாம் வகுப்பு அண்ணனிலிருந்து. ஆகவே ஐயா, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி முகம் கழுவியதும் ஆறாம் வகுப்பு முதல் பருவப் புத்தகத்தின் இரண்டாம் இயலை நீங்கள் ஒரு தடவை படித்துவிடுங்கள். பிறகு மகளைக் கூப்பிட்டு, 8 + 4 கேள்வியை எழுதிக் கொடுத்து, அவள் 12 என்று எழுதினாலும் உடனே திருத்தாமல், 'எப்படிம்மா வந்தது?' என்று கேளுங்கள். ஒரு தடவை கேட்டால் போதும்.