டைரக்டருக்கும் சாப்பாடு உண்டு

என் குறும்படத்துக்கு நாலு பேர் போதும் என்று தீர்மானித்தவன் நான். அந்த நாலு பேரில் நான் வரவில்லை என்று தீர்மானித்தவள் என் வீட்டுக்காரி. "டைரக்டர்னு சொல்றீங்க, சரி. சாப்பாடு அஞ்சு பேருக்கு வெச்சுடறேன். வேலைக்கு நாலு பேர்னே எழுதிக்கோங்க" என்றாள்.

நான் ஒன்றும் தெரியாமல் இறங்கவில்லை. 'எல் மரியாச்சி' (1992) எடுத்த ராபர்ட் ரொட்ரீகஸ்தான் எனக்கு ஆதர்சம். சுமார் 7,000 டாலரில் படத்தை முடித்த மனிதர். கேமரா, சவுண்டு, எடிட்டிங் எல்லாம் அவரே. டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலி. பணத்துக்காக மருந்துப் பரிசோதனைக்கு உடம்பையே கொடுத்தார் என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னேன். "உங்க சர்க்கரைக்கும் பிரஷருக்கும் எந்தக் கம்பெனி காசு தரும்?" என்று கேட்டுவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

கேமராவுக்கு அக்கா மகன். கேமரா அவனுடையது, சம்பளம் கிடையாது. நடிகர் மாடி வீட்டுக்காரர். மதியச் சாப்பாட்டுக்கு அவர் படியேறினால் போதும். இப்படி மிச்சம் பிடித்த வேகத்தில் சவுண்டுக்கும் ஆள் வேண்டாம், போனிலேயே பிடித்துக்கொள்ளலாம் என்றேன். அக்கா மகன் விடவில்லை. "படம் கொஞ்சம் மங்கலா இருந்தா ஸ்டைல்னு சொல்லி சமாளிச்சுக்கலாம் மாமா. வசனம் கேக்கலைன்னா எழுந்து போயிடுவாங்க. உங்க ரொட்ரீகஸ் ஷாட் முடிஞ்சதும் வசனத்தைத் தனியா பேசச் சொல்லி டேப்புல பிடிச்சாரு. அப்புறம் உதட்டுக்குச் சரியா உக்காந்து ஒட்டினாரு. நீங்க ஒட்டுவீங்களா?"

ரேஷன் கார்டு நகலுக்குப் பசை தடவினால் விரலோடு ஒட்டிக்கொள்கிற ஆள் நான். சவுண்டுப் பையன் உள்ளே வந்தான், லைட்மேன் வெளியே போனார்.

வந்தவன் முதலில் ஃபேனை நிறுத்தினான். மே மாதம். அடுத்து ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு, "சார், ஸ்கூட்டர் சாவியைக் குடுங்க" என்று வாங்கி, முட்டை வைக்கிற குழியில் போட்டு மூடினான். சாவி அங்கே இருந்தால், வெளியே கிளம்பும்போது ஃபிரிட்ஜை மறுபடி போட மறக்க முடியாதாம். முப்பது வருஷம் ஆபீசில் கோப்பு தள்ளியிருக்கிறேன். இவ்வளவு உருப்படியான யோசனை ஒன்று என் மேஜையைக் கடந்ததில்லை.

கண்டினியூட்டி, புரொடக்‌ஷன் இரண்டும் வீட்டுக்காரியிடம் போயின. நாத்தனார் எந்தக் கல்யாணத்துக்கு எந்தப் புடவையில் வந்தாள், யாரிடம் இரவல் வாங்கிய அட்டிகை என்பதுவரை ஞாபகம் வைத்திருப்பவளுக்கு, போன ஷாட்டில் காபி டம்ளர் எந்தக் கையில் இருந்தது என்பதெல்லாம் ஒரு வேலையா?

லைட்மேன் போன இடத்துக்கு ஒரு தெர்மாகோல் அட்டை. கேவலமாக நினைக்க வேண்டாம். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் (1956) சுப்ரதா மித்ரா, செட்டுக்கு மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கை அதில் அடித்துத் திருப்பித்தான் முற்றத்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். அதே வித்தைதான், எங்களுக்கு ஜன்னல் வெயில். ஆனால் அட்டை தானாக நிற்காது, பிடிக்க ஆள் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவழியாக நானும் நாலு பேரில் ஒருவனானேன்.

அட்டைக்குப் பின்னால் நிற்பவனுக்கு அட்டை மட்டும்தான் தெரியும். என் படத்தின் காட்சி எதையும் நான் பார்க்கவில்லை. "மாமா, இன்னும் கொஞ்சம் கீழே" என்று அவ்வப்போது ஒரு குரல். நடிப்பு சரியா என்று அக்கா மகன் கேட்டதெல்லாம் "ஓகேவா அத்தை?" என்றுதான். அவளும் ஒருமுறை, "அழறது ஜாஸ்தி, குறைச்சுக்கச் சொல்லு" என்றாள். மாடி வீட்டுக்காரர் உடனே குறைத்துக்கொண்டார். நான் காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பேக்கப். கடைசி நாள் பூசணிக்காய் உடைப்பது சினிமா வழக்கம் என்று, பட்ஜெட்டில் அதற்கென்றே ஒதுக்கி முந்தின நாளே வாங்கி வைத்திருந்தேன். சூடத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனேன்.

"அதுவா? மத்தியானம் மோர்க்குழம்புல போட்டாச்சே" என்றாள் புரொடக்‌ஷன். "நல்லாருக்குன்னு நீங்கதானே ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க?"