பாளையங்கோட்டைச் சுவரோதம்: வகையும் மேற்பூச்சு மரபும்

ஓதம் என்பது, பழைய வீட்டுச் சுவரில் அழையாமல் ஏறி, துரத்தினாலும் இறங்காத ஈரம் என வரையறுக்கப்படும். தாமிரபரணியின் கீழைக் கரையிலுள்ள பாளையங்கோட்டையில், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுந்த வீடுகளில், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இது தவறாது வந்துசேர்வதால், அறிஞர் இதனைக் குடும்ப உறுப்பினராகவே கொள்வர்.

ஓதம் நால்வகைப்படும். மட்டப்பாவின், அதாவது மொட்டை மாடியின், விரிசல் வழி இறங்குவது மேலோதம். குளியலறையிலிருந்து அடுத்த அறைக்குக் குடிபெயர்வது பக்கவோதம். பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து வருவதாக உறுதியாக நம்பப்படுவது வழக்கோதம். அது நீதிமன்றத்துக்கு உரியதாகையால் இங்கு விடப்பட்டது.

எஞ்சிய அடியோதமாவது, மண்ணிலுள்ள நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே தானே மேலேறுவது. துளை ஒடுங்க ஒடுங்க நீர் உயர ஏறும் என்பது 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூரின் கண்ட விதி. ஆயினும் ஏறும் நீர் வழியிலேயே ஆவியாவதால், பெரும்பாலும் மூன்றடி உயரத்துக்குள் நின்று, சுமந்துவந்த உப்பை அங்கே விட்டுச்செல்ல, அவ்வுப்பு படிகமாகிப் பருத்துக் காரையைப் பெயர்க்கும். இதனை உலக வழக்கில் உப்புப் பூத்தல் என்பர்.

பெயர்ந்த இடத்தில் புலப்படும் பூச்சு அடுக்குகளே இவ்வாய்வின் உயிர்நிலை. மேலிருந்து எண்ணினால் எமல்ஷன், டிஸ்டெம்பர், நீலம் கலந்த வெள்ளை, காவி, காரை என ஐந்து அடுக்கு தோன்றும். ஒவ்வோர் அடுக்கும் ஒரு கல்யாணத்தைக் குறிக்கும் என்பது கல்யாணக் கொள்கை (ஆச்சியுரை, வாய்மொழி). அவ்வாறாயின் காவி அடுக்கின் கல்யாணத்துக்கு மணமகன் யார் என வினவி, அது பொங்கலுக்கு அடித்ததே என நிறுவுவது பொங்கல் கொள்கை (மூத்த மருமகள், மறுப்புரை, பால்கணக்கு நோட்டின் பின்னட்டை). இரண்டையும் மறுத்து, வாடகை உயர்த்தப்பட்ட போதெல்லாம் ஓர் அடுக்கு கூடியது என்பார் குடியிருப்போர் (மறுப்புக்கு மறுப்பு, மின்கட்டண அட்டையின் ஓரக்குறிப்பு, இப்பிரதியில் முறுக்குச் சுற்றப்பட்டமையால் முடிவுரை எண்ணெயில் மறைந்தது, மறைந்த பகுதியே வலுவானது என்ப). இதே ஆற்றின் கீழ்ப்போக்கிலுள்ள ஆதிச்சநல்லூரில் 2004இல் தொடங்கிய அகழாய்வின் அறிக்கை வரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனதை நோக்க, சுவரானது தன் அறிக்கையை ஆண்டுதோறும் மார்கழிக்குள் வெளியிட்டுவிடுவது போற்றத்தக்கது.

இனி மருத்துவம். உரிந்த இடத்தில் சிமெண்ட் பூசி, அதன்மேல் பெயிண்ட் அடிப்பதே நிலைபெற்ற மரபு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை மூச்சாக வெளிவிடுவது; சிமெண்ட் அம்மூச்சை அடைப்பதால், நீர் பூச்சைத் தாண்டி இன்னும் ஓரடி மேலே போய்ப் பூக்கும். அங்கும் சிமெண்ட் பூசப்படும். முந்தைய உரை பிழைபட்டதென அறிந்தும் அதனை நீக்காது அதன்மேலேயே தம் உரையை எழுதும் பேரறிஞர் நெறியும் இதுவேயாகும். தெருவும் அந்நெறியினதே: பழைய தாரைச் சுரண்டிவிட்டே புதுச்சாலை போடவேண்டும் எனத் தலைமைச் செயலாளர் 2021இல் அறிவுறுத்தும் நிலை வரும்வரை, தாரின்மேல் தார் ஏறி, ஏறிப்போகும் வீடுகள் இறங்கிப்போகும் வீடுகளாயின; தெருமண் சுவரை அணைத்துக்கொள்ள, மழைநீர் நேரே அடிச்சுவரில் தங்கியது.

கொத்தனார் ஒருவர் கூறும் மாற்றுக்கருத்தும் பதிவுக்குரியது: சுவரை ஒட்டிய மண்ணை வீட்டின் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டி இறக்கி, நீர் விலகிப்போக வாட்டம் கொடுத்து, சிமெண்ட்டைக் கொத்தியெடுத்து, கோடை முழுதும் காயவிட்டு, மீண்டும் சுண்ணாம்புக் காரையே பூசுக என்பது அவர் துணிபு. மேற்கோள் ஒன்றும் காட்டாமையானும், கூலி கேட்டமையானும், ஆய்வுலகம் இதனை ஏற்றிலது.