துளிக்குத் துளி: கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு நீர்த்துளிகள் மோதினால் ஒன்றாகிவிடும். இதில் ஆராய என்ன இருக்கிறது? (மதுரை வாசகர்)

பதில்: ஒன்றாகிவிடும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தவர் யார்? 1879-இல் இங்கிலாந்தில் ராலே பிரபு, மேல்நோக்கிப் பீச்சிய மெல்லிய நீர்த்தாரை துளிகளாக உடைந்து நாலாபுறமும் சிதறுவதைக் கவனித்து, தேய்த்து மின்னேற்றிய அரக்குக் குச்சி ஒன்றை அதன் பக்கம் கொண்டுபோனார். கொண்டுபோன மாத்திரத்தில், அதுவரை மோதி மோதி விலகிக்கொண்டிருந்த துளிகள் ஒன்றோடொன்று கலந்து, சிதறல் அடங்கி, பெரும் துளிகளாக விழத் தொடங்கின. மின்னேற்றிய குச்சி வரும்வரை அவை விலகியதற்குக் காரணம் காற்று. மோதவரும் இரு துளிகளுக்கு நடுவே ஒரு காற்றுப் படலம் அகப்பட்டுக்கொள்கிறது. அது பிதுங்கி வெளியேறி, மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு என்னும் சூக்ஷ்ம அளவுக்கு மெலிந்த பிறகே மூலக்கூறுகளின் கவர்ச்சி இரண்டையும் ஒன்றாக்கும். அதற்குள் துளிகளின் வேகம் தீர்ந்துபோனால் அவை தொடாமலே திரும்பிவிடும். சாதாரண அழுத்தத்தில் நேருக்கு நேர் மோதி இணைந்த நீர்த்துளிகள், சுற்றியுள்ள வாயுவின் அழுத்தத்தை உயர்த்தியதும் எகிறிப்போயின என்பதை பிரின்ஸ்டனைச் சேர்ந்த சி. கே. லாவும் அவருடைய சகாவும் 1997-இல் வெளியிட்டார்கள். காற்றை மறந்துவிட்டுத் துளியைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் மீது எனக்கு நெடுநாளாக மனத்தாங்கல் உண்டு.

கேள்வி: துளிகளுக்கு மனம் உண்டா? (சேலம் வாசகர்)

பதில்: மேற்பரப்பு இழுவிசை உண்டு, அதுவே அவற்றுக்குப் போதும்.

கேள்வி: வேபர் எண் என்றாலே பயமாக இருக்கிறது. (முதலாண்டு மாணவி)

பதில்: பயம் வேண்டாம். பாய்ந்துவரும் வேகத்தின் பலம், துளியை உருண்டையாகப் பிடித்துவைக்கும் இழுவிசையைப் போல எத்தனை மடங்கு என்பதே அந்த எண். 0.1 மி.மீ. விட்டமுள்ள இரு நீர்த்துளிகள் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சந்தித்தால் அது ஏறத்தாழ 140. அந்த நிலையில் நேர் மோதல் என்றால், இரண்டும் கலந்து, நடு மெலிந்து ஓரம் பருத்த மெதுவடையாக விரிந்து, உடனே சுருங்கி, மோதிய திசையிலேயே நீண்டு, மறுபடியும் அறுந்துபோகும்! ஓரமாக உரசினாலோ, ஒட்டிய பகுதி இழுபட்டு அறுந்து, குட்டித் துளிகளையும் பிரசவித்துவிடும்.

கேள்வி: கணினியில் டீசல் தெளிப்பைக் கணக்கிடுகிறேன். வெளியைப் பிரிக்கும் கட்டங்களின் அளவை மாற்றினால் விடையும் மாறுகிறது. என் பிழையா? (ஆராய்ச்சி மாணவர், கோவை)

பதில்: உம்முடைய பிழை அன்று. ஒரு மில்லிலிட்டர் டீசலை 0.01 மி.மீ. துளிகளாக உடைத்தால் சுமார் 190 கோடி துளிகள் தேறும். அவற்றைத் தனித்தனியே பின்தொடர்வது கட்டுப்படியாகாதென்று, ஒரே மாதிரியான துளிகளைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, ஒரே கட்டத்துக்குள் இருக்கும் பொட்டலங்களே மோதலாம் என்று விதித்து, மோதுமா மோதாதா என்பதை நிகழ்தகவுக்கும் தற்செயல் எண்ணுக்கும் விட்டுவிடுகிற முறையை ஓ'ரூர்க் என்ற ஆய்வாளர் 1981-இல் வகுத்தார். அருமையான யுக்தி, ஆனால் கோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒட்டிநிற்கும் துளிகள் மோதா, ஒரே கட்டத்தின் எதிர்மூலைகளில் கிடப்பவை மோதிக்கொள்ளும். சதுரக் கட்டங்களில் கணக்கிட்டால், வட்டமாக விரியவேண்டிய கூம்புத் தெளிப்பு நான்கு இதழ் விரித்து நிற்பதும் உண்டு. அப்படியொரு பூ எந்த நாசிலிலும் பூத்ததில்லை. ஆகவே மோதலுக்கென்று தனிக் கட்டங்களை அமைத்துக்கொள்ளும். 2000-இல் ஷ்மிட், ரட்லண்ட் என்ற ஆய்வாளர்கள் சென்ற வழி அது. இன்னொன்றும் பாரும்: ஓ'ரூர்க்கின் மூல விதியில் இணைதலும் உரசிப் பிரிதலும் உண்டே தவிர, எகிறல் கிடையாது. டீசல் எஞ்சினின் அழுத்தத்திலோ அகப்பட்ட காற்று அத்தனை லேசில் விட்டுக்கொடுக்காது. காற்று, ஐயா, காற்று!

கேள்வி: வண்ணப்படம் அழகாக வந்தால் கணக்குச் சரிதானே? (அதே மாணவரின் நண்பர்)

பதில்: இல்லை.

கேள்வி: பூச்சிமருந்து அடிக்கும்போது சிறு துளிகள் ஒன்றுசேர்ந்து கனத்து, பயிர்மீதே விழுந்துவிடாதா? (விவசாயி, தஞ்சை)

பதில்: அந்த நம்பிக்கையில் இருந்துவிடாதீர்கள். துளிகள் நெருக்கமாக இருப்பது நாசிலின் வாயருகே மட்டுமே. மோதல் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும், விலகிய பின் சந்திப்பு அபூர்வம். அசையாத காற்றில் 0.1 மி.மீ. துளி ஒரு மீட்டர் இறங்க நான்கு வினாடி போதும், 0.01 மி.மீ. துளிக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டும், அதற்குள் இளங்காற்று அதை அடுத்த வயலுக்கும், அங்கே களையெடுப்பவர்களின் சுவாசத்துக்கும் கொண்டுசேர்த்துவிடும். ஆகவே பருந்துளி தரும் நாசிலை மாட்டுங்கள், பம்பின் அழுத்தத்தைத் தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள், காற்றடிக்கும் நேரத்தில் மருந்தடிக்காதீர்கள். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் வயலில் இறங்கவே இறங்காதீர்கள்.

கேள்வி: இந்த மோதல் ஆராய்ச்சியால் அடுப்பங்கரைக்கு என்ன லாபம்? (குடும்பத்தலைவி, திருச்சி)

பதில்: பால்பொடி, அம்மா. உலர்த்தும் கோபுரத்தில் பாலைத் தெளிக்கும்போது, முன்பே காய்ந்த நுண்பொடியை ஈரத்துளிகளோடு மோதவிட்டுக் கொத்துக் கொத்தாக ஒட்டவைக்கிறார்கள். அந்தக் கொத்துகளின் இடுக்குகளில் தண்ணீர் சட்டென்று புகுந்துகொள்வதால்தான் உங்கள் பாலில் கட்டி தட்டுவதில்லை.